கெட்ட எதிர்காலக் கதைகளை எச்சரிக்கையாக வாசிப்பது எப்படி

2012 ஏப்ரல் 11ஆம் திகதி, சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டொரு நாட்களே இருந்த வேளையில், பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. சுனாமி எச்சரிக்கை வந்ததும், பலகாரத்துக்கு அடுப்பேற்றியிருந்த மட்டக்களப்புக் கடற்கரையின் கல்லடிப் பெண்கள் எண்ணெய்ச் சட்டியை இறக்கியும் இறக்காமலும் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. அன்று கடலடித் தட்டுகள் மேலும் கீழுமாக அசையாமல் பக்கவாட்டில் நழுவியதே அதற்குக் காரணம். ஆனாலும் ஓடியவர்களை ஏமாளிகள் என்று எங்கள் பக்கத்தில் ஒருவரும் சொன்னதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்கத்துக்கும் அலைக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணிநேரம் கிடந்தும், ஒரு சொல்கூட வந்து சேராத கரை இது.

வாசிப்பு வழிகாட்டி ஒன்றை நான் கடலில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. மட்டக்களப்பில் சனிக்கிழமைகளில் உயர்தர மாணவர்களும் வேலை தேடும் இளையோருமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி விஞ்ஞானப் புனைகதை வாசிக்கிறோம். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலை எடுத்த முதல் நாளே ஒரு மாணவன், “சேர், கதை நடப்பது 2021இல், அது வந்து போய்விட்டது, பிள்ளை பெற அரசாங்கத்திடம் அனுமதியும் கேட்கவில்லை, இரண்டெழுத்தில் பெயர் வைக்கவும் சொல்லவில்லை, அப்படியென்றால் கதை தோற்றுவிட்டது தானே” என்று கேட்டான். எதிர்வுகூறலையும் எச்சரிக்கையையும் ஒன்றாக எண்ணுவதால் எழும் கேள்வி இது. எதிர்வுகூறல் பலித்தால் வெற்றி. எச்சரிக்கை பலிக்காமற் போவதே அதன் வெற்றியாகவும் இருக்கலாம். 2012இல் பாலத்துக்கு ஓடிய தன் தாயை நினைத்துப் பார்க்கச் சொன்னதும் அவனுக்கு விளங்கியது. ஆகவே இவ்வகைக் கதையைக் கையில் எடுக்கும்போது முதலில் செய்ய வேண்டியது, ஆண்டுக் கணக்கைச் சரிபார்க்கும் ஆசையை ஒதுக்கி வைப்பதாகும்.

வகையின் பெயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1516இல் தோமஸ் மோர் ஒரு நல்லுலகைக் கற்பனை செய்து அதற்கு ‘யுட்டோபியா’ என்று பெயரிட்டார். அதை மறுதலித்த ‘டிஸ்டோபியா’ வகைச் சொல்லை ஜோன் ஸ்டூவர்ட் மில் 1868இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் அயர்லாந்து பற்றிய விவாதத்தில் எடுத்தாண்டார். நான் இங்கே கெட்ட எதிர்காலக் கதை என்றே எழுதுகிறேன், கூட்டத்திலும் அப்படித்தான் சொல்கிறோம்.

இயந்திரத்தை மூடி வைத்து வாசியுங்கள்

முதல் வாசிப்பில் எல்லோருடைய கண்ணும் இயந்திரத்தில்தான் போய் நிற்கும். இரண்டாம் வாசிப்பில் அதைக் கையால் மூடிவிட்டு, எஞ்சியிருப்பது என்னவென்று பாருங்கள். ஜோர்ஜ் ஓர்வெல் 1949இல் வெளியிட்ட ‘1984’ நாவலில் சுவரில் ஒரு தொலைத்திரை இருக்கிறது. அது காட்டும், அதே வேளையில் பார்க்கும். வெளிச்சத்தைக் குறைக்கலாம், முற்றாக அணைக்க முடியாது. இதை வாசித்தவுடன் நம் மாணவர்கள் கையடக்கத் தொலைபேசியைத் தூக்கிக் காட்டி, “இதுதான் அது” என்கிறார்கள். தவறென்று சொல்ல மாட்டேன், ஆனால் அங்கேயே நின்றுவிட்டால் கதை வெறும் பொருட்காட்சியாகிவிடும். திரையை மூடிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது ஒரு விதி: இந்த நொடியில் யாராவது பார்க்கிறார்களா என்பதை அறிய வழியில்லை, ஆகவே எப்போதும் பார்க்கப்படுவதாக எண்ணியே நடக்க வேண்டும்.

இந்த விதி நடைமுறையாக மின்சாரம்கூடத் தேவையில்லை என்பதை இந்த மாவட்டங்களில் வளர்ந்த நாற்பது வயதுக்காரர் எவரும் சொல்வார். போர்க்காலத்தில் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டியபடி வரிசையில் நின்ற நாட்களில், அங்கிருந்தவரிடம் இருந்தது ஒரு சீ.ஆர். கொப்பியும் பேனையும் மட்டுமே. பெயர் எதற்காக எழுதப்பட்டது, எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டது, அந்தப் பக்கத்தை இனி யார் புரட்டுவார் என்பது தெரியாது. அந்தத் தெரியாமைதான் வேலை செய்தது. இதைக் கூட்டத்தில் சொன்னால், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் முதன்முறையாக ஓர்வெலின் நாவலை எதிர்காலக் கதையாக அல்லாமல் வீட்டுக் கதையாக வாசிக்கத் தொடங்குகிறார்கள். பிறகுதான் அடுத்த கேள்வியைக் கேட்கலாம்: கொப்பியின் இடத்தில் கணினி வந்தால் எது மாறுகிறது? கொப்பி நனையும், தொலையும், எழுதியவர் மாற்றலாகிப் போவார். கணினியில் எழுதியது அப்படிப் போகாது, ஒரு நொடியில் தேடியெடுக்கவும் படும். தொழினுட்பம் புதிதாக ஒரு கொடுமையைக் கண்டுபிடிப்பதைவிட, ஏற்கனவே உள்ள ஒரு பழக்கத்துக்கு மறதியில்லாத நினைவைக் கொடுப்பதே அதிகம் என்பது என் எண்ணம்.

சம்மதம் எந்தப் பக்கத்தில் நடந்தது

அடுத்து, கதையில் மக்கள் எப்போது ‘சரி’ என்றார்கள் என்பதைத் தேடி, அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். நல்ல கதைகளில் அந்த இடம் பெரும்பாலும் பின்னணியில், யாரோ ஒருவரின் பேச்சில், இரண்டு பந்திகளுக்குள் ஒளிந்திருக்கும்.

ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) தீயணைப்புப் படையே நூல்களை எரிக்கும் உலகத்தைப் பற்றியது. ஒரு தமிழ் வாசகர் இதை எடுத்தால் மனம் நேரே 1981க்கும் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் போய்விடும். என் மனமும் போனது. ஆனால் அந்த நாவல் சொல்வது வேறு. அங்கே முதலில் வந்தது தீயல்ல. மக்கள் வாசிப்பதைத் தாமாகவே குறைத்துக்கொண்டார்கள், நூல்கள் சுருக்கங்களாயின, வரவேற்பறைச் சுவர்கள் திரைகளாயின, கடைசியில்தான் எரிப்பது ஓர் உத்தியோகமானது என்று தீயணைப்புத் தலைவனே விளக்கும் ஒரு பகுதி உண்டு. கோடு போட வேண்டிய இடம் அதுதான். நமது காயத்தைக் கதையின்மேல் போர்த்திவிட்டால் அந்த எச்சரிக்கை காதில் விழாது. எரித்தவர்களைப் பற்றிப் பேச நமக்கு நிறைய இருக்கிறது. ஆனால் இந்தக் கதை நூலைத் தாமாக மூடிவைத்தவர்களைப் பற்றியது.

சம்மதத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவதற்கு நான் தரும் பயிற்சி, 2022ஆம் ஆண்டு இலங்கைத் தட்டுப்பாட்டுக் காலத்து எரிபொருள் அட்டை. ஜூலை மாதம் அது அறிமுகமாகியபோது பெற்றோல் செட்டுகளுக்கு முன்னால் இரவு பகலாக வரிசை கிடந்தது. வாகனத்தைப் பதிவு செய்தால் ஒரு கியூ.ஆர். குறியீடு வரும், மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரம் 4 லீற்றர். என் மச்சான் அதை அச்செடுத்து, லெமினேற் பண்ணி, துளை போட்டுச் சாவிக் கோர்வையில் மாட்டிக்கொண்டார். ஆரையம்பதியிலிருந்து நகரத்துக்கு வந்து போகும் வழியில் யாரைக் கண்டாலும் அதைத் தூக்கிக் காட்டுவார், அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷம் நியாயமானது, அந்த முறை உண்மையில் வரிசையைக் குறைத்தது, 2023 செப்டெம்பரில் கைவிடப்பட்டும் விட்டது. எழுத்தாளர் இப்படியான ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஒரே ஒரு திருகைத் திருப்புகிறார்: தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அது நீக்கப்படாவிட்டால்? நான்கு லீற்றர் எந்த ஊருக்குப் போக என்று கேட்கத் தொடங்கினால்? எதிர்ப்புக் கூட்டத்துக்குப் போகிறவருக்கு இரண்டு லீற்றர் மட்டும் என்றானால்? நல்லெண்ணத்தில் கொடுத்த சம்மதம், காரணம் மறைந்த பிறகும் நீடிக்கும் இடத்தில்தான் இவ்வகைக் கதை பிறக்கிறது. கொடுங்கோலன் ஒருவனைத் தேடி அலையும் மாணவருக்கு மச்சானின் சாவிக் கோர்வையைக் காட்டுவது எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது.

ஹக்ஸ்லியின் ‘துணிவான புதிய உலகம்’ என்று பொருள்படும் 1932ஆம் ஆண்டு நாவலையும் இதே கோட்டில் வைத்து வாசிக்கலாம். அங்கே சம்மதம், கவலையை மறக்கடிக்கும் மாத்திரையாக விழுங்கப்படுகிறது. அதன் மனிதர்கள் எனக்கு ஒட்டவில்லை, மாணவர்களுக்குப் பிடிக்கிறது என்பதால் பட்டியலில் வைத்திருக்கிறேன்.

கதையோடு முரண்படுங்கள்

நான் அதிக நேரம் செலவிடுவது ஈ.எம். ஃபோஸ்டர் 1909இல் எழுதிய, ‘இயந்திரம் நின்றுவிடுகிறது’ என்று பொருள்படும் நெடுங்கதையில்தான். வானொலி ஒலிபரப்புகூட இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. மனிதர்கள் நிலத்தடியில், தேன்கூட்டின் அறை போன்ற ஆறு பக்க அறைகளில் தனித்தனியே வாழ்கிறார்கள். உணவுக்கு ஒரு பொத்தான், இசைக்கு ஒரு பொத்தான், படுக்கைக்கு ஒரு பொத்தான். ஒரு தாய் பூமியின் ஒரு பாதியிலும் மகன் மறு பாதியிலும் இருக்க, இருவரும் நீல ஒளி வீசும் ஒரு தட்டின் வழியே முகம் பார்த்துப் பேசுகிறார்கள். மகன், இயந்திரத்தின் வழியாக அல்லாமல் உன்னை நேரே பார்க்க வேண்டும் என்கிறான். தாய்க்கு அது அநாவசியமாகவும் கொஞ்சம் அசிங்கமாகவும் படுகிறது. இயந்திரம் முகத்தின் நுண்மையான மாற்றங்களைக் கடத்துவதில்லை, பொதுவான ஒரு சாயலை மட்டுமே கடத்துகிறது என்றும், அதுவே போதுமென்று உலகம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்றும் ஃபோஸ்டர் எழுதுகிறார்.

இந்த இடத்தை வாசித்த அன்று நான் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிச் சொன்னேன். மகன் கட்டாரில், இரவு ஒன்பது மணிக்கு இமோவில் அழைப்பான், படம் உறையும், குரல் முந்தும், பிறகு இரண்டும் சேராமல் ஓடும். ஒருநாள் அவர் திரையை மூக்குக்கு அருகில் பிடித்தபடி, “என்ன மனே, முகம் வாடிக் கிடக்கு?” என்று கேட்டார். “ஒண்டுமில்லம்மா, இங்க லைட் அப்பிடி” என்றான். அவர் நம்பவில்லை. நான்காம் நாள் தெரிந்தது, அவனுக்கு இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. சதுரம் சதுரமாக உடைந்த படத்திலிருந்து ஒரு தாய் அதைப் படித்தெடுத்திருந்தார். ஃபோஸ்டரின் தாயால் முடியாதது இந்தத் தாயால் முடிந்தது எப்படி என்ற கேள்வியை வைத்தேன். இவர் அந்த முகத்தை இருபது வருடங்கள் கையால் கழுவிவிட்டவர், கதையில் வரும் தாய் பிள்ளையைப் பிறந்தவுடனேயே பொதுக் கூடத்தில் விட்டவர் என்று ஒரு மாணவி பதில் சொன்னாள். அதைவிடச் சிறந்த விமர்சனத்தை அந்தக் கதைக்கு நான் வாசித்ததில்லை.

ஆகவே வழிமுறை இதுதான்: கதை சொல்வதை உங்கள் வீட்டில் நடப்பதோடு வைத்துப் பாருங்கள், பொருந்தாத இடம் வந்தால் கதையை நம்பி வீட்டை மறுக்காதீர்கள். பொருந்தாமைதான் பேச வேண்டிய விடயம். கடல் கடந்த உழைப்பில் நிற்கும் ஓர் ஊருக்குத் திரை பிரிவைத் தரவில்லை. பிரிவு முன்பே வந்துவிட்டது, திரை பிறகுதான் வந்தது. ஆனால் அந்த மகனுக்குக் கட்டாரில் பிறக்கப்போகும் பிள்ளை பாட்டியைத் திரையில் மட்டுமே அறியும்போது, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பாட்டி எதைக் கொண்டு படிப்பார் என்று கேட்டால், 1909ஆம் ஆண்டுக் கதை மறுபடியும் உயிர்பெறுகிறது.

அதே கதையில் இன்னோர் இடத்தையும் தவறவிடாதீர்கள். இயந்திரம் பழுதடையத் தொடங்கும்போது முதலில் இசையில் ஒரு கரகரப்பு வருகிறது, முறைப்பாடு செய்கிறார்கள், விரைவில் சரியாகும் என்ற பதில் மட்டும் வருகிறது, சில நாட்களில் அந்தக் கரகரப்பு இசையின் பகுதியாகவே கேட்கத் தொடங்குகிறது. பிறகு குளிக்கும் நீர் நாறுகிறது, அதற்கும் பழகிக்கொள்கிறார்கள். பழுதுபார்க்கும் கருவியே பழுதாகிவிட்டது என்ற செய்தி வரும்போது யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. வாசித்து முடித்ததும் கொப்பியில், நீங்கள் முறைப்பாடு செய்வதை எப்போதோ நிறுத்திவிட்ட மூன்று விடயங்களை எழுதுங்கள். எங்கள் கூட்டத்தில் இந்தப் பயிற்சிக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினேன். ஒரு மணிநேரம் போனது.

வெளியே நிற்பவர் யார்

இது சிறிய கேள்விதான், ஆனால் கேட்காமல் விடக்கூடாது. ‘1984’ நாவலில் எல்லோரும் கண்காணிக்கப்படுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்நாட்டின் மக்களில் 85 வீதமானோர் பாமரர், அவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் தொலைத்திரையே கிடையாது. ஒரு தொழினுட்பம் யாரைப் பிடிக்கிறது என்பதோடு யாரைப் பொருட்படுத்தாமல் விடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உதவித்தொகைக்குப் பதிந்த ஒரு முதியவர், இரகசிய இலக்கம் டுபாயில் இரவு வேலையில் இருந்த மகளின் தொலைபேசிக்குப் போய்விட்டதால், ஓர் அலுவலக வாசலில் மதியம் வரை உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். அங்கே யாரும் அவரைத் திட்டவில்லை, துரத்தவில்லை. அவரைப் போன்றவருக்கு அவர்களின் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

பழைய நூல்கள் காணாதது

கடைசியாக, நூல்கள் எதைக் காணவில்லை என்றும் கேட்க வேண்டும். அதற்குப் பக்கத்து அம்பாறையைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம்களின் உணவகம் ஒன்றில், கறியில் கட்டியாக எதுவோ கிடந்ததென்றும் அது மலட்டுத்தன்மையை உண்டாக்கும் மருந்தென்றும் சிலர் சண்டைக்கு வந்தார்கள். சிங்களம் சரிவரத் தெரியாத காசாளர் மிரண்டு, கேட்டதற்கு ஆமென்பதுபோல் தடுமாறியது தொலைபேசியில் பதிவாகி முகநூலில் ஏறியது. அன்றிரவே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாவுக்கட்டிதான் என்று பிறகு அரச பகுப்பாய்வில் தெரியவந்தது. அடுத்த வாரம் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டி மாவட்டம் எரிந்தது. மார்ச் 7 முதல் ஏறத்தாழ ஒரு வாரம் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. தமது தளத்துக்கு அதில் இருந்த பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டது.

இந்த நிகழ்வை ஓர்வெலின் சட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள், நிற்காது. நடுவில் இருந்து ஆணையிட்ட ஒருவன் இல்லை, தணிக்கை இல்லை, திரையில் தலைவர் முகம் இல்லை. இருந்தது எண்ணும் ஓர் இயந்திரம். எத்தனை பேர் கருத்திட்டார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று அது எண்ணும். சொல்லப்பட்டது உண்மையா என்று எண்ணுவதற்கு அதனிடம் விரல் இல்லை. ஒரு மொழி தெரியாத மனிதனின் தடுமாற்றத்தை ஒப்புதலாக மாற்ற மனிதர்கள் முன்பே ஆயத்தமாக இருந்தார்கள் என்பதை மறைத்து எல்லாப் பழியையும் தொலைபேசியில் போடுவதும் பொய்தான். முழு இயந்திரத்தையும் விளங்கிக்கொண்ட ஒருவரும் இல்லை என்று எழுதிய 1909ஆம் ஆண்டுக் கதைதான் இங்கே பின்னாளைய நூல்களைவிட அருகில் வருகிறது.

ஓர் எச்சரிக்கை இந்தப் பயிற்சிக்கே தேவை. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்திருக்கும் அறையில், அதுவும் 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகான மட்டக்களப்பில், இதைத் திடீரென்று எடுக்கக்கூடாது. நான் முதல் வாரமே அறிவித்துவிடுவேன். பேச விரும்பாதவர் பேச வேண்டியதில்லை என்றும் சொல்வேன். யாரிடமும் “உங்கள் ஆட்கள் என்ன நினைத்தார்கள்” என்று கேட்க விடமாட்டேன்.

ஒரு பக்கம் எழுதுதல்

வாசிப்பு முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு பக்கக் கதை எழுத வேண்டும். விதிகள் குறைவு: புதிய இயந்திரம் எதையும் கண்டுபிடிக்கக்கூடாது, ஏற்கனவே உங்கள் தெருவில் இருக்கும் ஒன்றையே எடுக்க வேண்டும், அதற்கு ஒரு விதியைக் கூட்ட வேண்டும், அந்த விதிக்கு நியாயமான காரணம் இருக்க வேண்டும், கெட்டவன் என்று ஒருவனும் கூடாது. தொடங்குபவர்கள் ஃபோஸ்டரின் கதையிலிருந்து தொடங்குவதே வசதி, ஒரே மாலையில் முடிந்துவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து பேருந்தில் வரும் ஒரு மாணவி, கடற்கரை எச்சரிக்கைக் கோபுரங்களைப் பராமரிக்கும் செலவு மிச்சம் என்று அவற்றை நிறுத்திவிட்டு, எச்சரிக்கையைத் தொலைபேசிக்கு மட்டும் அனுப்பும் ஒரு காலத்தை எழுதினாள். டேட்டா முடிந்தவர்களுக்கு அது மறுநாள் வரும். அவளுடைய கதையில் உம்மம்மா வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறார். தெரு நாய்கள் எல்லாம் ஒரே திசையில், கடலுக்கு எதிர்ப்பக்கமாக ஓடுகின்றன. அவர் உரலை வைத்துவிட்டு எழுந்து நின்று பார்க்கிறார். அதற்குக் கீழே தொழினுட்பத்தின் தீமைகள் பற்றி நீண்ட பந்தி ஒன்றும் இருந்தது. அதை வெட்டிவிடு புள்ள என்றேன். அவளுக்கு மனமில்லை; அடுத்த சனிக்கிழமை இரண்டு வரியாகச் சுருக்கிக்கொண்டு வந்தாள்.